முந்திய இறாலும் பிந்திய மனிதரும்: பழைய காரில் கழற்றிய ஏசி பொருத்துதல் குறித்த ஓர் ஆய்வு

பழவேற்காடு ஏரியின் தென்கரைக் குப்பங்களிலிருந்து பொன்னேரி வழியாகச் சென்னை செல்லும் சாலையில், குளிரோடு பயணம் செய்யும் உரிமை முதலில் இறாலுக்கே கிடைத்தது என்பதும், அதே வண்டியின் முன்னிருக்கையில் வேர்வை துடைத்தபடி சென்ற மனிதருக்கு அவ்வுரிமை நெடுங்காலம் கிட்டவில்லை என்பதும் இவ்வாய்வு எடுத்துக்கொண்ட இரண்டு அடிப்படை உண்மைகளாகும். வெப்ப நாடுகளில் பிடிபடும் இறாலுக்கு எடைக்கு எடை ஐஸ் இட வேண்டும் என்பது மீன்வளத் துறையினர் நெடுநாளாகச் சொல்லிவரும் விதி. எழுபது கிலோ எடையுள்ள ஓட்டுநருக்கு எத்தனை கிலோ ஐஸ் இட வேண்டும் என்பதை எவரும் விதித்ததில்லை. ஏசி இல்லாமலே ஆலையை விட்டு வெளிவந்த பழைய காருக்கு, உடைப்புக்குப் போன வேறொரு காரிலிருந்து கழற்றிய ஏசியைப் பொருத்தும் வழக்கத்தை, இந்த அநீதியைத் தாமே சரிசெய்துகொள்ள மனிதர் மேற்கொண்ட முயற்சியாகக் கருதி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குளிர் பெற்றோரின் வரலாற்று வரிசையை முதலில் நிறுவுதல் முறை. 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர் ஐஸ் காணாமலே வாழ்ந்து, ஐஸ் காணாமலே இவ்வூர் மண்ணில் அடங்கினர். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாயிலில் செதுக்கப்பட்ட எலும்புக்கூடுகளை வெயில் பற்றிய கருத்துரை என்று கொள்வது மிகை. 1842இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழுந்தபின், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டி கப்பலில் வந்திறங்கி வெள்ளைக்காரத் துரைமார்களின் கோப்பைகளைக் குளிர்வித்தது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்குவது அக்கட்டடமே. பின்னர் ஐஸ் ஆலைகள் தோன்றி, ஐஸ் பார் என்று வழங்கும் கட்டிகள் கடற்கரைதோறும் வந்தபோது, துரைமாருக்கு அடுத்த இடத்தை மீனும் நண்டும் இறாலும் பெற்றன. உள்ளூர் மனிதர் நான்காம் இடத்துக்கும் கீழே நின்றார் என்க.

ஆய்வுக்குரிய 'பழைய கார்' எது என்பதில் ஐயம் எழ வாய்ப்பில்லை. 1957 முதல் 2014 வரை கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் செய்யப்பட்டு, கல்யாணம், மருத்துவமனை, தேர்தல் ஆகிய முப்பெரும் நிகழ்வுகளுக்கும் ஊருக்கு ஒன்றாக வாடகைக்கு நின்ற அம்பாசடரே அது. சென்னையிலேயே செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் பழையதுதான்; ஆயினும் தொடக்க கால ஹெரால்டின் 948 சிசி எஞ்சின் தன்னையும் ஏறியவரையும் இழுப்பதையே போதிய கடமையாகக் கருதியதால், அதனிடம் கூடுதல் வேலை கேட்பது அறமன்று என விலக்கப்பட்டது. இங்கே ஒரு விந்தையைச் சுட்ட வேண்டும். பழவேற்காடு அமைந்துள்ள அதே திருவள்ளூர் மாவட்டத்தில், அம்பாசடரைச் செய்த அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், மிட்சுபிஷியுடன் சேர்ந்து 1998 முதல் லான்ஸர் கார்களை ஏசியோடு செய்து வெளியே அனுப்பியது. ஒரே தாய்வீட்டுப் பிள்ளைகளுள் இளையவருக்கு ஏசியும் மூத்தவருக்கு ஜன்னல் கைப்பிடியும் கிடைத்தன.

இனிக் குளிரின் இலக்கணம். கார் ஏசி குளிரை உண்டாக்குவதில்லை; உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. எஞ்சினோடு பெல்ட் மாட்டிச் சுழலும் கம்ப்ரஸர், கேஸ் என்று பட்டறையில் வழங்கும் குளிர்பொருளை அழுத்திச் சூடேற்றுகிறது; ரேடியேட்டருக்கு முன் நிற்கும் கண்டென்ஸரில் அது வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது; ட்ரையர் என்னும் சிறு உருளை அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது; எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளை வழியே புகுந்ததும் அழுத்தம் சட்டென்று குறைந்து, கூலிங் காயிலுக்குள் கொதித்து ஆவியாகி, சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தைப் பறித்துக்கொண்டு மீண்டும் கம்ப்ரஸருக்குத் திரும்புகிறது. இன்று பரவலாக வழங்கும் ஆர் 134ஏ என்னும் கேஸ் சாதாரண அழுத்தத்தில் சுழியத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிறர் சூட்டில் தான் கொதித்து அவரைக் குளிர்விக்கும் இப்பண்பு மனிதரிடம் காணக் கிடைக்காதது.

இவ்வேலையின் அளவு 'டன்' எனப்படும். ஒரு டன் ஏசி என்பது, 907 கிலோ ஐஸ் ஒரு நாள் முழுவதும் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை விழுங்குமோ அவ்வளவை ஒரு நாளில் அகற்றும் ஏசி. ஐஸில் பிறந்து ஐஸில் வளர்ந்த இந்த அளவை நகரத்தார் பொருள் அறியாமல் ஒப்பிப்பர். குப்பத்து மக்களுக்கோ இது கைக்கணக்கு. காரில் பொருத்தியது ஒரு டன் ஏசி எனில், மணிக்கு ஏறத்தாழ 38 கிலோ ஐஸ்; அது 50 கிலோ எடையுள்ள பாரில் முக்கால் பங்கு. சென்னைக்கு இரண்டு மணி நேரப் பயணம் என்று கொண்டால் 76 கிலோ, அதாவது ஒன்றரை பார். எழுபது கிலோ ஓட்டுநர் தனியாகச் செல்வாராயின், எடைக்கு எடை என்னும் இறால் விதி அவரிடத்தில் பிசகின்றி நிறைவேறுகிறது. இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு இதுவே. ஆனால் வாடகை அம்பாசடரில் ஓட்டுநரையும் சேர்த்து ஐவருக்குக் குறைந்து எவரும் ஏறுவதில்லையாதலால், ஆளுக்குப் பதினைந்து கிலோ ஐஸ்தான் தேறும். அந்த அளவு ஐஸில் அனுப்பிய இறாலை எந்த வியாபாரியும் முகர்ந்து பார்த்தபின் வாங்கமாட்டார்.

கழற்றிய ஏசி கிடைக்கும் களம் சென்னையில் கூவம் வளைந்து செல்லும் புதுப்பேட்டை. வாகனங்கள் உடைக்கப்பட்டு உறுப்பு உறுப்பாக விற்கப்படும் இத்தெருக்களில், மாருதியின் கம்ப்ரஸரும் சான்ட்ரோவின் கண்டென்ஸரும் எந்த வண்டியின் உடைமை என்று தெரியாத கூலிங் காயிலும் ஒரே கடைவாசலில் சமயப் பொறையுடன் கிடப்பதைக் காணலாம். கம்ப்ரஸரைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றி இரு சாரார் உளர். கையால் சுழற்றிப் பார்த்து, சீராகச் சுழன்றால் நல்லது என்பர் ஒரு சாரார். மேக்னட் கிளட்ச், அதாவது மின்காந்தத்தால் புல்லியைக் கம்ப்ரஸரோடு இணைக்கும் உறுப்பு, பேட்டரியில் தொட்டவுடன் 'டக்' என்று ஒட்டுகிறதா என்று பார்ப்பர் மறு சாரார். இரண்டையும் செய்து பார்த்துவிட்டு, உள்ளிருக்கும் எண்ணெயில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று விரலில் தேய்த்துப் பார்ப்போரே கடைக்காரரின் வெறுப்புக்கு ஆளாவர். வண்டிக்கு அவர்களே நல்லவர்கள்.

ட்ரையரை மட்டும் கழற்றிய பொருளாக வாங்குதல் கூடாது. ஈரத்தைக் குடிப்பதற்கென்றே பிறந்த அவ்வுறுப்பு, வாய் திறந்தபடி கூவக் காற்றில் பல மாதம் கிடந்தபின், குடிக்கவேண்டியதை எல்லாம் குடித்து முடித்திருக்கும். அதை மாட்டினால் எஞ்சிய ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் பனியாய் உறைந்து வழியை அடைக்கும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கச் சென்று ஏசி முழுவதையும் இழந்தோர் இத்துறையின் பெரும்பான்மையினர்.

கேஸ் பற்றிய பிளவு இன்னும் கடுமையானது. பழைய ஏசிகள் ஆர் 12 என்னும் கேஸுக்காகச் செய்யப்பட்டவை. அது ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987இன் மாண்ட்ரியல் உடன்படிக்கை அதைக் கைவிடச் செய்தது. இந்தியா அவ்வுடன்படிக்கையில் 1992இல் சேர்ந்தது. ஆர் 12க்குப் பதிலாக வந்த ஆர் 134ஏ, பழைய கம்ப்ரஸருக்குள் இருக்கும் கனிம எண்ணெயோடு கலப்பதில்லை. கலக்காத எண்ணெய் குழாய்களில் எங்கோ தங்கிவிட, கம்ப்ரஸர் எண்ணெயின்றி ஓடிப் பிடித்துக்கொள்கிறது. எனவே எண்ணெயையும் மாற்றி, ரப்பர் வளையங்களையும் மாற்றி, வேக்யூம் பம்பால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுத்த பின்னரே கேஸ் ஏற்றுதல் முறை. 'சும்மா கேஸ் போட்டுப் பாருங்க' என்னும் பள்ளியைச் சேர்ந்தோர் இவற்றுள் எதையும் செய்வதில்லை. கசிவு தேடச் சோப்பு நுரை தடவிப் பார்ப்போரும், ட்ரையரின் மேலுள்ள கண்ணாடித் துளையில் குமிழி ஓடுகிறதா என்று கவனிப்போரும் எண்ணிக்கையில் குறைந்து வருவது கவலைக்குரியது.

இழுக்கும் திறன் பற்றிய வினா அடுத்தது. அம்பாசடரின் பழைய 1489 சிசி டீசல் எஞ்சின் சுமார் 37 குதிரைத்திறன் தருவது. கம்ப்ரஸர் அதில் மூன்று முதல் ஐந்து குதிரைகளைத் தனக்கென்று அவிழ்த்துக்கொள்கிறது. மாருதி 800 காரும் ஏறத்தாழ அதே திறன் கொண்டதாயிற்றே, அது ஏசியோடு ஓடவில்லையா என்று வினவுவோர் உளர். மாருதியின் எடை அம்பாசடரின் எடையில் பாதிக்குச் சற்றே மேல் என்பது அதற்கு விடை. ஆகவே பாலம் ஏறும்போது ஏசியை அணைப்பதும், இறங்கும்போது போடுவதும் ஓட்டுநரின் கடமையாகிறது. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. உலகில் முதன்முதலாக ஆலையிலேயே ஏசி பொருத்தி 1940ஆம் ஆண்டு மாடலாக வந்த அமெரிக்க பாக்கார்ட் காரில், ஏசியை நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. மேலும், டைனமோ பொருத்திய பழைய வண்டிகள் நின்றபடி ஓடும்போது போதிய மின்சாரம் தரா; ஆல்டர்னேட்டருக்கு மாறாதவர் ரயில்வே கேட்டில் குளிரையும் பேட்டரியையும் ஒருசேர இழப்பர். கண்டென்ஸர் கக்கும் வெப்பம் நேரே ரேடியேட்டர் மேல் வீசுவதால் கூடுதல் மின்விசிறி ஒன்றும் வேண்டும். இல்லையேல் உள்ளே பனிக்காலமும் பானெட்டுக்கடியில் கத்திரியும் ஒரே நேரத்தில் நிகழும்.

பழவேற்காட்டுக்கே உரிய சிக்கல் உப்பு. கண்டென்ஸரின் மெல்லிய அலுமினியத் தகடுகளைக் கடற்காற்றின் உப்பு தின்கிறது. வெள்ளைப் பொடியாக உதிரும் அத்தகடுகளைக் கண்டு தூசி என்று எண்ணித் துடைப்போர், துடைக்கத் துடைக்கக் கண்டென்ஸரையே இழக்கின்றனர். நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுதல் ஒன்றே தடை. உப்பு வண்டியின் தளத்தையும் விடுவதில்லை. குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்குவது. தளத்தில் துரு தின்ற ஓட்டைகள் இருப்பின், புதுப்பேட்டையில் விலை கொடுத்து வாங்கிய குளிர் சாலைக்குப் போய்ச் சேரும். ஒரு தெர்மாகோல் பெட்டி தன் இறாலுக்குச் செய்யும் உபசாரத்தில் பாதியைக்கூட, ஒற்றைத் தகரக் கூரையும் கறுப்பு ரெக்சின் இருக்கையும் கொண்ட வண்டி தன் பயணிக்குச் செய்வதில்லை. கூலிங் காயிலில் படியும் நீரை வெளியேற்றும் சிறுகுழாயோ, மணலால் முகத்துவாரம் தூர்வதுபோல அழுக்கால் அடைபட்டு, முன்னிருக்கையாரின் கால்களின்மேல் ஏரியை உண்டாக்கிவிடும். கடலோரக் காற்றில் ஈரம் மிகுதியாதலால், ஏசி தன் உழைப்பில் கணிசமான பங்கைக் காற்றைக் குளிர்விப்பதில் அன்றி நீர் பிழிவதிலேயே செலவிடுகிறது என்பதையும் கருதுக.

வாடையும் தென்றலும் கொண்டலும் கோடையும் அறிந்த மக்களுக்கு ஏசி எதற்கு, நண்பகலில் கடற்காற்று வருமே என்பது மறுப்பாளர் கூற்று. கரையில் நிற்போருக்கு அது பொருந்தும். ஆனால் அக்னி நட்சத்திர நாட்களில் மேற்கிலிருந்து வீசும் நிலக்காற்று வலுத்தால் கடற்காற்று பிற்பகல் வரை கரையேறாமல் நின்றுவிடுகிறது. கரையேறினாலும் பொன்னேரி கடந்து, லாரிகளுக்கு நடுவே, கண்ணாடி இறக்கிய அம்பாசடரைத் தேடி அது வருவதில்லை. மறுப்பு இத்துடன் தள்ளப்படுகிறது.

பொருத்தியபின் எழும் சமூகச் சிக்கல் ஒன்று எஞ்சியுள்ளது. டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிடப்படும் யூனிட்டின் வாய்கள் முன்னிருக்கையை நோக்கியே திறப்பதால், பின்னிருக்கையார் சத்தத்தை மட்டும் பெறுகின்றனர். இதற்குத் தீர்வு ஏரியிலேயே உள்ளது. பழவேற்காட்டு மீனவரிடையே வழங்கும் பாடு முறை, எந்தத் தலைக்கட்டு எந்த நாளில் எந்த இடத்தில் வலையிட வேண்டும் என்பதைச் சீட்டாலும் சுற்றுமுறையாலும் பங்கிட்டு, வளமான இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் காப்பது. பொன்னேரி வரை ஒருவர், மீஞ்சூர் வரை மற்றொருவர் என்று முன்னிருக்கையையும் பாட்டுக்கு விடலாம் என இவ்வாய்வு முன்மொழிகிறது. மாப்பிள்ளை என்னும் பதவி எந்தப் பாட்டுக்கும் கட்டுப்படாது என்பது இத்திட்டத்தின் அறிந்த குறையாகும்.

பொருத்தி முடித்தோர் அறியவேண்டிய செய்தி இன்னும் ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏசி வேண்டியிராது என்று மாதக்கணக்கில் அதை அணைத்து வைத்தால், கம்ப்ரஸரின் அச்சைச் சுற்றியுள்ள சீல் எண்ணெய் காணாமல் உலர்ந்து, கேஸ் சிறுகச் சிறுக வெளியேறிவிடும். ஆகவே அடைமழையிலும், போர்வை போர்த்திக்கொண்டேனும், வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓட்டி வைக்குமாறு அம்பாசடர் உடையோர் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.