ஒரு மனையில் நாயும் பூனையும்: ஓர் உயரவியல் ஆய்வு

புருஷன் பெண்டாட்டியைப் பற்றியும் பங்காளிகளைப் பற்றியும் கூட்டணிக் கட்சிகளைப் பற்றியும் ‘நாயும் பூனையும் மாதிரி’ என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். உண்மையான நாயும் பூனையும் ஒரு வீட்டில் எப்படி இருக்கின்றன என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. இக்குறை நீக்கவே இவ்வாய்வு. ஆய்வுக்களம், நாகர்கோவில் பக்கத்தில் என் அத்தையின் ஓட்டு வீடு. ஆய்வுக்கு உட்பட்டோர், மணி என்னும் நாட்டு நாயும், பெயர் சூட்டப்படாத ஒரு சாம்பல் நிறப் பூச்சையும். (நாய்க்கு மெனக்கெட்டுப் பெயர் வைக்கிறவர்கள் பூனையைப் பூனை என்றே விட்டுவிடுவது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது.) ஆய்வுக் கருவி, திண்ணை.

முன்னோர் கருத்தை முதலில் சொல்லிவிடுவது மரபு. தொல்காப்பிய மரபியல் நாயைப் பன்றி, புலி, முயல் ஆகியவற்றோடு ஒரு நூற்பாவில் வைக்கிறது. வெருகு என்னும் பூனையை மூங்கா, எலி, அணிலோடு இன்னொன்றில் வைக்கிறது. பூனைக்கு எலியோடுகூட ஒரு கூரையின் கீழ் ஒத்துப்போகும், நாயோடு ஆகாது என்பதே தொல்காப்பியர் கண்ட முடிபு என்று எவரேனும் வாதிட்டால் நான் தடுக்கமாட்டேன். அந்நூற்பாக்கள் விலங்குகளின் இளமைப் பெயர்களை மட்டுமே பேசுகின்றன என்பது ஒரு சிறு இடையூறு. அதைப் பார்த்தால் ஆராய்ச்சி செய்ய முடியாது.

அயல்நாட்டார் கருத்து வேறு. டெல் அவீவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாயர்ஸ்டைன், டெர்க்கல் இருவரும் நாயும் பூனையும் சேர்ந்து வளரும் வீடுகளுக்கே போய்ப் பார்த்து 2008-இல் கட்டுரை வெளியிட்டார்கள். சண்டைக்கார ஜோடிகள் சிறுபான்மை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சுமுகம். பூனை முதலில் குடியேறி நாய் பிறகு வந்தால் நல்லது. பூனைக்கு ஆறு மாதம், நாய்க்கு ஒரு வயது ஆவதற்குள் சந்திப்பு நடந்துவிட்டால் இன்னும் நல்லது. வாலாட்டினால் நாய்க்குச் சந்தோஷம். வாலை இப்படியும் அப்படியும் வீசினால் பூனைக்கு எரிச்சல். எதிரெதிரான இந்த இரண்டு அகராதிகளையும் அவை ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்கின்றன என்பதும், பூனை பாணியில் மூக்கோடு மூக்கு வைத்து முகமன் சொல்ல நாயும் பழகிவிடுகிறது என்பதும் அவர்கள் கண்டவை.

எல்லாம் சரி. ஆனால் இவர்கள் யாரும் உயரத்தை அளக்கவில்லை. என் துணிபு இது: நாய்–பூனை உறவு அன்பினாலும் அமையவில்லை, பகையினாலும் அமையவில்லை, தரையிலிருந்து எத்தனை அடி என்பதால் அமைந்தது. பூனைக்கு நகம் உள்ளிழுத்து வெளிநீட்டக்கூடியது, ஆகவே கூர் மழுங்காது. அதன் காறையெலும்பும் வேறெதோடும் இறுகப் பிணைக்கப்படாமல் தளர்வாகக் கிடக்கிறது. மரம் ஏறவும் பரணுக்குத் தாவவும் அதற்கு ஒரு முயற்சியும் வேண்டாம். நாயின் நகம் எந்நேரமும் தரையில் தேய்கிறது. ஆகவே முழங்கால் உயரம் வரை மணியின் ஆட்சி. பத்தாயத்தின் மூடி, டிவி ஸ்டெபிலைசர், ஃப்ரிட்ஜின் தலை, பரண் எல்லாம் பூச்சையின் ஆட்சி. நாற்காலி தகராறுக்கு உட்பட்ட பகுதி.

மீன் ஆயும் நேரத்தில்தான் இந்த உயர ஒப்பந்தம் செயல்படுவதைப் பார்க்கலாம். மீன்காரம்மாவின் குரல் முக்கில் கேட்டவுடனேயே இருவரும் கொல்லைப்புறம் வந்துவிடுவார்கள். அத்தை அரிவாள்மனையை மண்ணில் ஊன்றி, சாம்பலைத் தொட்டுச் சாளையின் செதிலை உரசுகையில், பூச்சை துவைகல்லின் மேல். மணி கல்லுக்குக் கீழே, தாடையை முன்கால்களில் வைத்து, கண்ணை மட்டும் அரிவாள்மனையோடு நகர்த்திக்கொண்டு. முதல் தலை கல்லின் மேல் விழும், அது பூச்சைக்கு. அடுத்தது கல்லுக்குக் கீழே. ஒரு நாள் வேண்டுமென்றே கல்லின் விளிம்பில், இரண்டுக்கும் நடுவாக ஒரு தலையை வைத்தேன். பூச்சை கையை நீட்டி அதைத் தன் பக்கம் இழுத்தது. மணி எழவில்லை, ஒரு பெருமூச்சு மட்டும். ‘மக்களே, அதுக ரெண்டும் எப்பவோ பேசி முடிச்சாச்சு. நீ உன் சோலியப் பாரு’ என்றாள் அத்தை. ஆய்வுலகில் இதற்கு இணையான சுருக்கவுரையை நான் படித்ததில்லை.

இனிப்பில் சிக்கலே எழுவதில்லை. இனிப்பை உணரத் தேவையான மரபணு பூனையிடம் பழுதாகிக் கிடப்பதாக 2005-இல் கண்டறிந்தார்கள். வெல்லக்கட்டி ஒன்று கீழே விழுந்தால் அது முழுக்க மணிக்கே. இயற்கையே இலை போட்டுப் பரிமாறியிருக்கிறது.

மழை பிடித்தால் மட்டும் கோட்பாடு ஆட்டம் காண்கிறது. ஐப்பசி அடைமழையில் பூச்சை தன் உயரங்களையெல்லாம் துறந்து, நடைக் கோணிச்சாக்கில் மணியின் வயிற்றோடு ஒட்டிப் படுத்துவிடும். நட்பு என்று உருகுவோர் உருகட்டும். நாய், பூனை இரண்டின் உடற்சூடும் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல், மனிதனுக்கோ 37. மடியில் படுப்பதைவிட நாயின்மேல் படுப்பது பூனைக்கு லாபம் என்பதற்குமேல் இதில் ஒன்றுமில்லை என்றே முதலில் எழுதியிருந்தேன். மழை விட்டு, சுள்ளென்று வெயில் அடித்த மத்தியானத்திலும் அவை அங்கேயே கிடந்தன. அத்தரவு இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே என்று தள்ளிவைத்தேன்.

எதிர்க்கருத்தாளர் ஒரு கேள்வி கேட்பார்கள்: ராஜபாளையம், சிப்பிப்பாறை வளர்ப்பவர் வீட்டில் இது செல்லுமா? முயல் வேட்டைக்குப் பேர்போன இனம் சிப்பிப்பாறை. ராஜபாளையமோ 2005-இல் அஞ்சல்தலையிலேயே ஏறிவிட்டது. ஓடுவதைக் கண்டால் துரத்துவது இவற்றின் இரத்தத்தில் உண்டு. இதற்கு என் விடை, ஓடாத பூனையை எந்த நாய்க்கும் என்ன செய்வதென்று தெரியாது என்பதே. முதுகை வில்லாக வளைத்து நின்ற இடத்தில் நிற்கும் பூனைமுன் மணி பலமுறை திகைத்து, ஏதோ நினைவு வந்தாற்போல் காதைச் சொறிந்துகொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

இவ்விதிக்கு இறுதிச் சான்று ஆடியில் கிடைத்தது. அடுத்த வீட்டுக் கடுவன் பூனை மதில் தாண்டிக் குதித்தது; மணி பாய்ந்தது. தன் வீட்டுப் பூனையைக் காக்கும் விசுவாசம் என்று குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். கடுவன் வேலியைத் தாண்டியதும் மணி திரும்பிற்று. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சொந்தப் பூச்சை, ஏனென்று தெரியவில்லை, மதிலிலிருந்து குதித்து ஓடியது. மணி அதையும் அதே வேகத்தில் கிணற்றடிவரை துரத்திவிட்டுத்தான் நின்றது.