இருபத்து மூன்றாம் வகை வாள்: ஓர் ஆய்வு

ஆய்வு முன்னுரை

வாள்களை எண்ணி, அடுக்கி, பெயர் வைக்கும் பணி நூறாண்டுகளாக நடந்துவருகிறது. நார்வே நாட்டு அறிஞர் யான் பீட்டர்சன் 1919இல் வைக்கிங் வாள்களைப் பிடியின் அமைப்பைக் கொண்டு 26 வகைகளாகப் பிரித்தார். 26ஐ நினைவில் வைக்க வாளேந்திய வைக்கிங்குகளாலேயே முடிந்திருக்காது. ஆகவே பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1927இல் அவற்றை ஏழாகச் சுருக்கினார். பின்னர் இங்கிலாந்தின் யூவர்ட் ஓக்‌ஷாட் (1916–2002) அந்த ஏழோடு இரண்டைக் கூட்டினார். பத்தாம் எண்ணிலிருந்து இடைக்கால ஐரோப்பிய வாள்களுக்குத் தாமே வகை வகுத்துக்கொண்டு போய் 22இல் நிறுத்தினார். அவருடைய வகைப்பாடு 1960இல் நூலாக வந்தது. அன்றுமுதல் வாள் சேகரிப்போர் தம்மிடமுள்ளதை வாள் என்று சொல்வதில்லை. “இது பன்னிரண்டு”, “அது பதினெட்டு” என்கிறார்கள்.

ஓக்‌ஷாட் 22இல் நிறுத்தியது வாளியலுக்கு நேர்ந்த பேரிழப்பு. நம் காலத்தில், போர்க்களத்தையே காணாமல், வரவேற்பறைச் சுவரில் மட்டும் கிடைக்கும் வாள் ஒன்று உண்டு. இடைக்கால வாளைப் பார்த்து, பணம் கட்டிச் செய்யச்சொல்லி வாங்கும் மாதிரி வாள் அது. அதற்கு 23 என்னும் எண்ணை வழங்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதைச் செய்யத் தமிழருக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். அதே வீலர்தான் 1945இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டைத் தோண்டி நம் பானையோடுகளை வகைப்படுத்தினார். அவர் விட்டுச்சென்ற வாளை நாம் வகைப்படுத்துவது பதில் மரியாதை.

ஆய்வு எல்லை

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீடுகளில் உள்ள மாதிரி வாள்கள் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. திரைப்பட வாள்களும் பூதங்களை வெட்டிய கற்பனை வாள்களும் விலக்கப்பட்டுள்ளன. நம் ஊர் அரிவாளும் இவ்வாய்வில் சேராது. அது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

கருதுகோள்

முதல் 22 வகைகளும் வெட்டவோ குத்தவோ செய்யப்பட்டவை. 23ஆம் வகை விளக்கம் சொல்வதற்காகச் செய்யப்பட்டது. அதன் இலக்கு எதிரியின் கழுத்தன்று, விருந்தாளியின் மாலைப்பொழுது.

முன்னோடிகள்

இவ்வகையின் முன்னோடி நிகழ்ச்சி 1839 ஆகஸ்டு 28இல் ஸ்காட்லாந்தில் நடந்தது. எக்ளின்டன் பிரபுவுக்கு இடைக்காலக் குதிரைப் போட்டியை மீண்டும் நடத்திப் பார்க்கும் ஆசை வந்தது. சாமுவேல் பிராட் என்னும் லண்டன் வணிகர் பிரபுக்களுக்குக் கவசமும் ஆயுதமும் சேகரித்துக் கொடுத்தார். வேடிக்கை பார்க்க லட்சம் பேர் திரண்டதாகச் சொல்வார்கள். மழையும் திரண்டது. போட்டியின் அரசராக வேடமேற்றிருந்த லண்டன்டெரி பிரபு, குதிரைமேல் இருந்தபடியே குடையை விரித்துவிட்டார். ஐந்து நூற்றாண்டுப் பின்னோக்கிய பயணம் ஒரு குடையில் முடிந்தது.

ஆயினும் கடை மூடவில்லை. பிராட் கொடுத்த பொருள்களில் பழையது எது, புதியது எது என்னும் கேள்வி பின்வந்த அறிஞர்களுக்கு நல்ல பிழைப்பாயிற்று. அதே நூற்றாண்டில் மியூனிக் நகரின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் பட்டறை மாதிரிக் கவசங்களைச் செய்து கோட்டை வாசிகளுக்கு விற்றது. கோட்டையை வாங்கியவர்களுக்குப் பாட்டனாரின் கவசம் தேவைப்பட்டது. பாட்டனார் இல்லாதது ஒரு குறையாகக் கருதப்படவில்லை.

உறுப்பிலக்கணம்

23ஆம் வகையின் உயர்வு தாழ்வை மூன்று உறுப்புகள் தீர்மானிக்கின்றன.

முதலாவது எஃகு. சேகரிப்பவர் இதையும் எண்ணால்தான் குறிப்பார். 1075 என்றால் அதில் ஏறத்தாழ 0.75 விழுக்காடு கரி உண்டு. 5160 என்பது வண்டிகளின் ஸ்பிரிங் பட்டைக்கான எஃகு. நம் ஊர்க் கொல்லர்கள் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை வாங்கி அரிவாள் அடிப்பதற்குப் பின்னுள்ள அறிவும் இதுவே. துவைச்சல் சரியாக அமைந்தால் வளைத்த அலகு மீண்டும் நேராகும். துருப்பிடிக்காத எஃகில் நீண்ட வாள் செய்தால் அது சுவரில் பளபளக்கும், ஓங்கி அடித்தால் முறியும். எனவே அதை வைத்திருப்பவரை உண்மைச் சேகரிப்பாளர்கள் தம் வரிசையில் உட்காரவிடுவதில்லை.

இரண்டாவது வால். அலகு பிடிக்குள் நீண்டு செல்லும் பகுதி இது. நல்ல வாளில் இது அகன்று, பிடி முழுவதும் ஓடி, கடைக்குமிழைத் துளைத்து மறுபக்கம் வந்து, அங்கே சுத்தியலால் அடித்து மடக்கப்பட்டிருக்கும். மட்டமான வாளில் ஒரு மெல்லிய கம்பியைப் பற்றவைத்திருப்பார்கள். இதற்கு எலிவால் என்று பெயர். எலிவால் வாளை வீசினால் பிடி கையில் இருக்கும், அலகு வேறொருவர் வீட்டில் இருக்கும்.

மூன்றாவது எடை. இது தனித் தலைப்புக்குரியது, கீழே வருகிறது.

ஆணைப் படலம்

மாதிரி வாளைப் பெறுவதில் நான்கு நிலைகள் உள்ளன.

ஒன்று, காட்சி. சேகரிப்பவர், லண்டனின் ஹெர்ட்ஃபோர்டு மாளிகையில் 1900இலிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் வாலஸ் சேகரிப்பிலோ, லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸிலோ கண்ணாடிக்குள் ஒரு வாளைப் பார்க்கிறார். அதை எடுத்துச்செல்லக் காவலர் விடமாட்டார். ஆகவே கொல்லருக்கு எழுதுகிறார்.

இரண்டு, கடிதம். கொல்லர் அலகின் நீளம், எடை, சமநிலைப் புள்ளி குறுக்குக் காப்பிலிருந்து எத்தனை அங்குலம், குமிழ் வட்டமா, பாக்கு வடிவமா, பிடித் தோல் என்ன நிறம் என்று கேட்கிறார். வீட்டுத் திரைச்சீலையின் நிறத்தைத் தீர்மானிக்க முடியாமல் மனைவியிடம் விட்டவர் இதற்கு நான்கு பக்கம் எழுதுகிறார்.

மூன்று, முன்பணமும் காத்திருப்பும். கைவேலைக் கொல்லர்களிடம் வரிசை மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் நீளும். “பட்டறையில் இருக்கிறது” என்பதே நிலையான பதில். தாலிக்குத் தங்கம் கொடுத்துவிட்டு ஆசாரி வீட்டு வாசலில் நின்றவர்களுக்கு இந்நிலையை விளக்கவேண்டியதில்லை.

நான்கு, வருகை. நீளமான அட்டைப்பெட்டி வருகிறது. வீட்டார் “இதை எங்கே மாட்டுவது?” என்கிறார்கள். வாளியலில் இக்கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. மாட்டிய பிறகு யாரும் தொடக்கூடாது. விரல் பட்டால் வியர்வையில் கரி எஃகு துருவேறும். எண்ணெய் தடவவேண்டும், அல்லது பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில் 1950களில் உருவான மெழுகைப் பூசவேண்டும். போர்வீரர் குதிரைக்குச் செய்த பணிவிடையை இவர் சுவருக்குச் செய்கிறார்.

விளக்கக் காயங்கள்

கருதுகோளை மெய்ப்பிக்கும் பகுதி இதுவே. 23ஆம் வகை வாள் விருந்தாளிக்கு மூன்று காயங்களை உண்டாக்குகிறது.

எடைக் காயம்: விருந்தாளி வாளைப் பார்த்து, “அந்தக் காலத்து வாள் இருபது கிலோ இருக்குமாமே” என்கிறார். வீட்டுக்காரர் இதற்காகத்தான் அவரை அழைத்தார். ஒரு கை வாள் பெரும்பாலும் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரைதான் என்றும், இரு கைகளால் பிடிக்கும் பெரிய போர் வாள்கூட மூன்று கிலோவை ஒட்டியே நிற்கும் என்றும் அவர் சொல்வார். சமையலறைத் தராசு வரும். தேநீர் ஆறும்.

பள்ளக் காயம்: அலகின் நடுவில் நீளவாக்கில் ஓடும் பள்ளத்தைக் காட்டி, “இது ரத்தம் வடிய விட்ட வாய்க்கால்தானே?” என்று கேட்பவர் தப்புவதில்லை. அப்பள்ளம் அலகின் விறைப்பைப் பெரிதும் குறைக்காமல் எடையைக் குறைக்கும் உத்தி. ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதைச் சொல்லப் பத்து நொடி போதும். வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளும் சராசரி நேரத்தைக் கணக்கிட இவ்வாய்வாளர் கடிகாரம் கொண்டுபோகவில்லை.

பெயர்க் காயம்: இது ஆழமானது. 9ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரையான, ‘உல்ஃபெர்ட்’ என்னும் பெயர் பொறித்த வாள்கள் ஐரோப்பாவில் 170 அளவில் கிடைத்துள்ளன. அவற்றில் சிலவற்றின் உலோகத்தை உலோகவியல் ஆய்வாளர் ஆலன் வில்லியம்ஸ் சோதித்தார். பெயரின் கடைசி எழுத்துக்கு முன்னால் சிலுவைக் குறி இருந்தவை பெரும்பாலும் உயர்ந்த எஃகு, பின்னால் இருந்தவை பெரும்பாலும் தரம் குறைந்தவை. அதாவது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே போலி உண்டு, எழுத்துப்பிழையோடு உண்டு. இவ்விடத்தில் வீட்டுக்காரர் கண் கலங்குவார். தம் வாள் போலியன்று, போலிகளின் நீண்ட பரம்பரையில் வந்த வாரிசு என்பது அவருக்குப் பெரும் ஆறுதல்.

பிழைத்த விருந்தாளிக்கு அடுத்த அறை காட்டப்படும். அங்கே சங்கிலியில் முள்ளுருண்டை தொங்கும் ஆயுதம் ஒன்று இருக்கும். அருங்காட்சியகங்களில் உள்ள அவ்வகை ஒற்றைக் கை ஆயுதங்கள் பல 19ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டவை என்று இன்று கருதுகிறார்கள். ஆகவே அதன் மாதிரி, மாதிரியின் மாதிரி. இது தனி ஆய்வேட்டுக்குரியது.

பிறப்பிடச் சிக்கல்

விருந்தாளியிடம் உள்ள ஒரே கேடயம் ஒரு கேள்விதான்: “இது எங்கே செய்தது?” அறையில் அமைதி நிலவும். ஏனென்றால் உலகச் சந்தையில் விற்கும் இங்கிலாந்து, பிரெஞ்சு, ஜெர்மானிய மாதிரி வாள்களில் கணிசமானவை இமயமலை அடிவாரத்து டேராடூனில் செய்யப்படுகின்றன. அங்குள்ள விண்ட்லாஸ் ஸ்டீல்கிராஃப்ட்ஸ் 1943இல் தொடங்கி, குக்ரிக் கத்தியில் ஆரம்பித்து, பின்னர் ஐரோப்பிய வீரர்களுக்கான வாள்களையும் செய்துவருகிறது.

இதில் சேகரிப்பவர் கூச இடமில்லை. இடைக்காலத்தில் அலகு ஜெர்மனியின் பசாவ், சோலிங்கன் போன்ற ஊர்களில் அடிக்கப்பட்டு ஐரோப்பாவெங்கும் ஏற்றுமதியானது. வாங்கியவர் ஊரில் பிடி பொருத்திக்கொண்டார்கள். பசாவ் கொல்லர்களின் ஓநாய் முத்திரையைச் சோலிங்கன்காரர்கள் தங்கள் அலகில் பொறித்தும் விற்றார்கள். ஆகவே எங்கோ அடித்த அலகை இடுப்பில் கட்டிக்கொண்டு நம் ஊர் வாள் என்பதே அசல் இடைக்கால வழக்கம்.

சட்டத்தின் பார்வையும் கவனிக்கத்தக்கது. பிரிட்டன் 2008இல், 50 செ.மீ.யும் அதற்கு மேலும் அலகுள்ள வளைந்த வாள்களை விற்கவும் இறக்குமதி செய்யவும் தடை விதித்தது. மரபு முறையில் கையால் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. அன்றைய தடை நேரான வாளைத் தொடவில்லை. வளைந்தால் குற்றம், நிமிர்ந்தால் சரித்திரம். இந்தியாவின் ஆயுத விதிகளோ, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைப் பட்டியலில் வைத்து, வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கானதை மட்டும் விடுகின்றன. விளக்கம் சொல்லுதல் என்னும் பயன்பாட்டை விதிகள் இன்னும் சேர்க்கவில்லை. இந்தியச் சேகரிப்பாளர் உரிமத்தை விசாரித்துக்கொண்டு பிறகு கொல்லரை விசாரிப்பது நல்லது.

தொகுப்புரை

23ஆம் வகை வாள் எஃகால் செய்யப்பட்டு, காத்திருப்பால் விலையேறி, சுவரில் ஓய்ந்து, நாவால் வீசப்படுகிறது. கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டதாக இவ்வாய்வாளர் தாமே அறிவிக்கிறார்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். எஃகு என்ன ரகம், வால் எப்படிப் பொருத்தியது, எடை எவ்வளவு என்னும் மூன்றையும் முன்பணத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். விற்பவர் மழுப்பினால் வாங்காதீர்கள். பணம் போவது பெரிதன்று. விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகு சொல்ல ஒன்றுமில்லாமல் போவதுதான் தோல்வி.