முப்பத்தொன்று என்னும் அளவின் இன்மை: மேல்சித்தாமூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆடவர் இடுப்பில் தொடங்கிக் கணுக்காலில் முடிய வேண்டியதும், பெரும்பாலும் அங்கே முடியாததுமான இருகுழல் ஆடை, தமிழில் கால்சராய், நிஜார், டவுசர், பேண்ட் எனப் பல பெயர்களால் வழங்கி வந்திருக்கிறது. சராயும் நிஜாரும் உருது வழியே வந்தவை. பின்னிரண்டும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. இவற்றுள் 'டவுசர்' தனிக் கவனத்துக்குரியது. ஏனெனில் ஆங்கிலத்தில் கணுக்கால்வரை நீண்டிருந்த அச்சொல், தமிழுக்குள் நுழைந்தபின் முழங்காலுக்கு மேல் நிற்கும் அரைக்கால் ஆடையைக் குறிக்கத் தலைப்பட்டது. ஆயத்த ஆடையைத் தமிழன் உடம்புக்கு ஏற்ப வெட்டிச் சுருக்கும் வேலை, அதாவது கடைத்தெருவில் 'ஆல்டரேஷன்' எனப்படுவது, துணியில் நிகழும் முன்னரே சொல்லில் நிகழ்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவ்வாய்வு 'அருகிய அளவு' என்பதை ஆராய்கிறது. எந்த அளவைக் கேட்டவுடன் கடைப்பையன் வாடிக்கையாளரின் முகத்தைப் பாராமல் இடுப்பைப் பார்க்கிறானோ, அதுவே அருகிய அளவு.

களமாக மேல்சித்தாமூர் தேர்ந்தெடுக்கப்பட்டது தற்செயலன்று. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட இவ்வூரில் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமாகிய ஜினகாஞ்சி மடம் உள்ளது. இங்குள்ள சமணர் திகம்பர மரபினர். திகம்பரம் என்பது திக்கும் அம்பரமும் சேர்ந்த சொல். திசைகளையே ஆடையாக உடுத்தல் என்று பொருள்படும். துறவின் முடிந்த நிலையில் அணியப்படும் இவ்வாடை எவ்விடுப்புக்கும் பொருந்துவது, நீளம் குறையாதது, கையிருப்புத் தீராதது. இவ்வூர் மலைநாதர் கோயிலின் பாறையில் ஒன்பதாம் நூற்றாண்டளவில் செதுக்கப்பட்ட உருவங்களுள் பாகுபலியும் ஒருவர். அசையாது நின்ற தவத்தில் அவர் கால்களைக் கொடிகள் சுற்றிப் படர்ந்தன என்பது சமண மரபு. அளவெடுக்காமலே கச்சிதமாக அமைந்த கால்மறைப்பு வரலாற்றில் இது ஒன்றுதான். இல்லறத்தாருக்கு அத்தகைய வசதி இல்லாமையால், அவர்கள் பேருந்தேறித் திண்டிவனத்துக்கும், அங்கே கிடைக்காதபோது செஞ்சிக்கும், அங்கும் கிடைக்காதபோது விழுப்புரத்துக்கும் செல்ல நேர்கிறது.

கடைகளில் பேண்ட்டின் அளவு இடுப்பின் சுற்றளவாக, அங்குலத்தில், ஓர் எண்ணால் குறிக்கப்படுகிறது. ஜீன்ஸின் பட்டியில் இடுப்பு, கால்நீளம் என இரண்டு எண்கள் அச்சிட்டிருப்பதுண்டு. எனினும் வாங்குவோரிடம் கடைக்காரர் கேட்பது முதல் எண்ணை மட்டுமே, ஏனெனில் இரண்டாவதன் வகைகள் அவரிடம் இல்லை. அந்த முதல் எண்ணும் 28, 30, 32, 34 என இரட்டைப்படையிலேயே செல்லும். மனித இடுப்பு 30இலிருந்து 32க்குத் தாவுவதில்லை, இடையில் 31 என்ற நிலையத்தில் சில காலம் நிற்கிறது, சிலருக்கு ஆயுள் முழுவதும் அங்கேயே நின்றுவிடுகிறது என்னும் உண்மையை வணிகம் ஏற்பதில்லை. இதை 'ஒற்றைப்படை விலக்கு' எனலாம்.

விலக்குக்குக் காரணம் வன்மம் அன்று, கணக்கு. இடுப்பு 28 முதல் 44 வரை ஒவ்வோர் அங்குலமாக வைத்தால் 17 வகை, கால்நீளம் 28 முதல் 36 வரை அவ்வாறே வைத்தால் 9 வகை, பெருக்கினால் 153. நீலம், கறுப்பு, சாம்பல், சந்தனம் என நான்கே நிறம் என்றாலும், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பேண்ட் வைக்க 612 வேண்டும். இரட்டைப்படையில் 28 முதல் 40 வரை ஏழு இடுப்பு, ஒரே நீளம், அதே நான்கு நிறம் என்று வைத்தாலோ 28 பேண்ட்டில் கதை முடிந்தது. இரண்டே அலமாரி உள்ள கடைக்காரர் எதைத் தேர்வார் என்பதை விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, மொத்த வியாபாரத்தில் சரக்கு 'செட்'டாகக் கட்டப்படுகிறது. நடு அளவுகள் கூடுதலாகவும் ஓர அளவுகள் ஒன்றிரண்டாகவும் சேர்ந்த கட்டு அது. அந்த ஒன்றிரண்டு முதல் வாரத்திலேயே போய்விடும், அல்லது ஒருபோதும் போகாது. போகாதவை ஆடித் தள்ளுபடியில் வாசல் மேசைமீது குவிகின்றன; ஆதலால் ஆண்டு முழுவதும் 44 தேடி அலைந்தவர் ஆடியில் அதைக் காண்பார், ஆனால் கிளிப்பச்சை நிறத்தில்.

இல்லாத அளவைக் கேட்கும்போது கிடைக்கும் விடைகளே இவ்வாய்வின் செழுமையான பகுதி. சமணத் தருக்கத்தில் சியாத்வாதம் என்றொரு கொள்கை உண்டு: எப்பொருளையும் ஒரே கூற்றால் முடிவாக உரைக்க இயலாது, ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை, ஒருவகையில் உண்டும் இல்லையும், ஒருவகையில் சொல்லொணாதது என்று தொடங்கி, இவற்றின் சேர்க்கையால் ஏழு கூற்றுகள் பிறக்கும், இதனைச் சப்தபங்கி என்பர். மடத்தில் பயில வேண்டிய இந்நுட்பம் துணிக்கடைகளில் பயிற்சியின்றியே கைவந்திருக்கிறது. "முப்பத்தொண்ணா? இருக்குண்ணே" என்பது முதற்கூற்று. மூன்று அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்தபின் "போன வாரம் வரைக்கும் இருந்துச்சு" என்பது இரண்டாவது. "இந்த முப்பத்திரண்டு முப்பத்தொண்ணு மாதிரிதான்ணே இருக்கும்" என்பது மூன்றாவது. கல்லாவில் இருப்பவரை நோக்கிப் பையன் மௌனமாகத் திரும்புவது நான்காவது. "திங்கக்கிழமை வந்துரும்" என்பது ஏழில் எதனுள் அடங்கும் என்பதில் அறிஞர்கள் கருத்து வேறுபடலாம்.

இதனோடு இயைந்தது 'சலவைக் கோட்பாடு'. பேண்ட் இறுக்கமாக இருந்தால் "துவைக்கத் துவைக்க விட்டுக் குடுக்கும்" என்றும், தொளதொளவென்று இருந்தால் "ஒரு தண்ணி போட்டா சுருங்கிடும்" என்றும் அதே பையன், அதே பகலில், அதே துணியைப் பற்றிச் சொல்கிறான். நனைந்த பருத்தி முதற் சலவையில் சுருங்குவதும், உடுத்த உடுத்தச் சற்றே தளர்வதும் மெய். ஆனால் வாங்குபவரின் தேவையை அறிந்து திசையைத் தீர்மானிக்கும் அறிவு பருத்திக்கு உண்டென்று இயற்பியல் கூறவில்லை.

உடுத்திப் பார்க்கும் அறை, அதாவது திரைச்சீலைக்குப் பின்னால் ஓர் ஆணியும் ஒரு கண்ணாடியும் உள்ள மூலை, ஆள் நிறைந்திருக்கும்போது கழுத்துச் சோதனை நடைபெறுகிறது. பொத்தானிட்ட பேண்ட்டின் இடுப்பை இரண்டாக மடித்துக் கழுத்தைச் சுற்றிப் பிடிப்பார்கள். இரு முனைகளும் பிடரியில் முட்டினால் அளவு சரி. கழுத்தின் சுற்றளவு இடுப்பில் பாதி என்பதே இதன் அடிப்படை. 30 அங்குல இடுப்புக்கு 15 அங்குலக் கழுத்து என்பது ஏறத்தாழ ஒத்துவரும். 44க்கோ 22 அங்குலக் கழுத்து வேண்டும். அத்தகைய கழுத்து மல்லர்களிடம் தேடத் தக்கது. ஆக, நடு அளவினருக்கு வேலை செய்யும் சோதனை, அது மிகவும் தேவைப்படுகிற ஓர அளவினரைக் கைவிட்டுவிடுகிறது. கடையின் இயல்பே சோதனைக்கும் வாய்த்திருக்கிறது.

நடு அளவினர் என்போர் உண்மையில் உளரா என்பது அடுத்த வினா. பெல்ஜிய வானியலாளர் கெத்லே 1846இல் ஸ்காட்லாந்துப் படைவீரர் 5,738 பேரின் மார்பளவுகளைக் கொண்டு சராசரி மனிதனைக் கணித்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, அமெரிக்க வான்படைக்காக கில்பர்ட் டேனியல்ஸ் 4,063 விமானிகளின் அளவுகளை எடுத்துப் பத்து உறுப்புகளில் ஒப்பிட்டபோது, பத்திலும் சராசரி வரம்புக்குள் விழுந்தவர் ஒருவர்கூட இல்லை. மூன்றே அளவுகளை எடுத்தாலும் நூற்றுக்கு 3.5 பேருக்கும் குறைவாகவே தேறினர். அதாவது அருகிய அளவினர் என்று ஒரு சிறுபான்மை இல்லை; 32 கேட்டு 32 வாங்கிச் செல்பவரும் தொடையிலோ முட்டியிலோ எதையோ சகித்துக்கொண்டுதான் செல்கிறார். இந்திய உடம்புக்கென்று தனி அளவுப் பட்டியல் காண, நிஃப்ட் எனப்படும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயதுக்குட்பட்ட 25,000 பேரை அளக்கத் திட்டமிட்டது. தென்னகத்தின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரம் பெங்களூரு. விழுப்புரம் மாவட்ட இடுப்புகளுக்கும் அதுவே பிரதிநிதி.

வேட்டிக்கு இத்தொல்லை இல்லை. அது நான்கு முழம், எட்டு முழம் என்று அளக்கப்படுவது; முழமோ முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரையுள்ள நீளம். உடம்பே அளவுகோலாகவும், இடுப்பின் வித்தியாசம் முழுவதும் கட்டுபவரின் கைத்திறனுக்கு விடப்பட்டதாகவும் அமைந்த ஏற்பாடு அது. வேட்டி கட்டியவரை மன்றங்களுக்குள் விடமாட்டோம் என்ற வழக்கத்தை எதிர்த்துத் தமிழ்நாடு 2014இல் சட்டமே இயற்றியது. இடுப்பு 31 உள்ளவரைக் கடையிலிருந்து வெறுங்கையோடு அனுப்பும் வழக்கத்துக்கு எதிராக அத்தகைய மசோதா எதுவும் வரக் காணோம்.

எஞ்சுவது தையற்காரர். முன்பு 1.20 மீட்டர் பேண்ட் பிட்டைக் கொடுத்தால் அளவெடுத்து, பின்தையலில் ஓர் அங்குலம் துணியை உள்ளே மடித்துவிட்டு, வயிறு வளர வளரப் பிரித்துவிட இடம் வைத்துத் தைத்தவர், இப்போது பிறர் தைத்ததைத் திருத்துபவராக அமர்ந்திருக்கிறார். இடுப்பைச் சுருக்க அவர் பின்தையலை இரண்டங்குலம் பிடிக்கும்போது, இரு பின்பாக்கெட்டுகளும் நெருங்கி ஒன்றையொன்று நலம் விசாரிக்கத் தொடங்குகின்றன. நீளத்தைக் குறைக்க அடியில் நான்கங்குலம் வெட்டும்போது, கீழே குறுகும் வடிவில் தைத்த பேண்ட்டின் முட்டிப்பகுதி உடுத்துபவரின் கெண்டைக்காலில் போய் நிற்கிறது. வெட்டிய இரண்டு வளையங்களையும் பேண்ட்டுக்குள்ளேயே மடித்துச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பது நேர்மையான தையற்காரரின் வழக்கம். அவை மேல்சித்தாமூர் வந்து சேர்ந்ததும் சமையற்கட்டுக்குப் போகின்றன. ஜீன்ஸ் துணி என்றால் கனமாக இருப்பதால், கொதிக்கும் குழம்புச்சட்டியை இறக்க மிகவும் உகந்தது. கரித்துணியான பிறகு அதன் அளவு பற்றி எவரும் குறை சொன்னதில்லை.