பார்கோடு ஸ்கேனரின் ஸ்டாண்டு: தென்காசி, குற்றாலம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

தென்காசியின் கோபுரத்தைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு; சாரலைப் பற்றிப் பேசாதவர்களே இல்லை. பில் கவுண்டரில் கம்ப்யூட்டருக்கும் மிட்டாய் ஜாடிக்கும் நடுவே குந்தியிருக்கும் ஸ்கேனர் ஸ்டாண்டைப் பற்றி மட்டும் புலவர் பெருமக்கள் வாய் திறக்கவில்லை. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. இலக்கணம்

வயர் இல்லாத ஸ்கேனர் வந்து அமர வேண்டிய இடமே ஸ்டாண்டு. பெட்டிமேல் ‘கிரேடில்’ என்று அச்சிட்டிருந்தாலும் கடைத்தெரு வழக்கே இங்குக் கொள்ளப்படுகிறது. அதன் தொழில் இரண்டு.

முதலாவது ஊட்டல். ஸ்டாண்டின் குழியிலுள்ள உலோக முனைகள் ஸ்கேனரின் முனைகளைத் தொட்டு, உள்ளிருக்கும் லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும்.

இரண்டாவது தூது. பல மாடல்களில் ஸ்கேனர் புளூடூத்தில் சொல்வதை ஸ்டாண்டு வாங்கி, யுஎஸ்பி வயர் வழியே கம்ப்யூட்டருக்கு ஓதும். கம்ப்யூட்டரோ, யாரோ கீபோர்டில் தட்டுகிறார்கள் என்றே பெரும்பாலும் நம்பும். இதில் ஓர் ஆபத்து உண்டு. கர்சர் எண்ணிக்கைக் கட்டத்தில் நிற்கும்போது ஒரு சோப்பை ஸ்கேன் செய்தால், 890 என்று தொடங்கும் 13 இலக்கமும் அங்கே போய் விழும். மென்பொருள் தடுக்காவிட்டால், ஆலங்குளத்திலிருந்து வந்த வாடிக்கையாளர் சுமார் 8,90,000 கோடி சோப்பு வாங்கியவராகிவிடுவார். தூதுவர் மேல் குற்றமில்லை, சொன்னதைச் சொன்னார்.

2. வரலாறு

1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டிராய் நகரில், மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் ரிக்லி சூயிங்கம் பாக்கெட் ஒன்று ஸ்கேன் ஆனது. கடை கவுண்டரில் பார்கோடு யுகம் தொடங்கியது அங்கேதான். அந்த ஸ்கேனர் மேசையோடு பதிந்தது, எங்கும் போகாது. பின்னர் கையில் பிடிக்கும் ஸ்கேனர் வந்தது. அதற்கு வயர் எட்டும் தூரமே உலகம். வயரை அறுத்த பிறகுதான் சார்ஜ் ஏற்றும் ஸ்டாண்டுக்கு வேலை வந்தது.

வயர் பார்த்துவந்த வேலைகள் மூன்று: கரண்டு தருதல், செய்தி கடத்துதல், ஸ்கேனரை ஊர் சுற்ற விடாமல் பிடித்து வைத்தல். முதல் இரண்டையும் ஸ்டாண்டு ஏற்றுக்கொண்டது. மூன்றாவது, பில் போடுகிறவரின் பழக்கத்தின் தலையில் விழுந்தது. இதுவே இவ்வாய்வின் கோட்பாடு.

3. களநிலை

மேற்படி பழக்கம் எந்நிலையில் உள்ளது என்பதைப் பஜாரில் எந்தக் கவுண்டரில் நின்றும் காணலாம். ஸ்டாண்டின் குழியில் பேனா இருக்கும், ரப்பர் பேண்டு இருக்கும், சில்லறைக்குப் பதிலாகத் தரும் மிட்டாய் இருக்கும். ஸ்கேனர் அரிசி மூட்டைமேல் படுத்திருக்கும்.

“ஏலே, ஸ்கேனர எங்கல வச்ச?”

“இங்கனதான் வச்சேன் அண்ணாச்சி.”

இவ்வுரையாடலை முன்னரே எதிர்பார்த்த பொறியாளர்கள், சில ஸ்டாண்டுகளில் ஒரு பொத்தான் வைத்தார்கள். அழுத்தினால் ஸ்கேனர் இருக்குமிடத்திலிருந்து கத்தும். அதற்குப் பேட்டரியில் உயிர் இருக்க வேண்டும். ஸ்டாண்டுக்கு வராததால்தான் ஸ்கேனர் தொலைகிறது. ஸ்டாண்டுக்கு வராததால்தான் பேட்டரியும் இறங்குகிறது. ஆகவே எப்போது தேடுகிறோமோ அப்போது அது கத்துவதில்லை.

ஜூனில் சாரல் தொடங்கிவிட்டால் நிலைமை முற்றும். ஐந்தருவியில் குளித்தவர்கள் ஈரத் துண்டோடு கவுண்டரில் சாய்வார்கள். நேந்திரம் சிப்ஸ் தின்ற கை எண்ணெயோடு ஸ்கேனரைத் தொடும். எண்ணெயும் ஈரமும் உலோக முனைகளில் படிந்தால், ஸ்கேனர் முறையாக அமர்ந்திருந்தும் சார்ஜ் ஏறாது. ஆக, வைத்தல் வேறு, சார்ஜ் விளக்கு எரிய வைத்தல் வேறு. முனைகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் பெரும்பாலும் தீரும். துடைப்பதில்லை, ஸ்டாண்டின் தலையில் தட்டுகிறார்கள்.

4. தடையும் விடையும்

முதல் தடை: குற்றாலத்தின் மங்குஸ்தானுக்கும் ரம்புட்டானுக்கும் பார்கோடு கிடையாது, எனவே இவ்வாய்வு அவ்வூருக்குப் பொருந்தாது. விடை: பொருந்தாதுதான். பழக்காரம்மாவுக்குத் தராசு போதும், மீதியை வாய் பார்த்துக்கொள்ளும். ஆனால் அவர் பேரனுக்கு வாங்கும் பிஸ்கட்டுக்குப் பார்கோடு உண்டு.

இரண்டாம் தடை: இவ்வளவு அற்ப விஷயத்துக்கு ஆய்வு எதற்கு? விடை: 15ஆம் நூற்றாண்டில் தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதைப் பேணிக் காப்பவர்களின் பாதம் பணிவதாகக் கல்லில் வெட்டிவைத்தான். கட்டுவதைவிடக் காப்பது கடினம் என்று மன்னன் அறிந்திருந்தான். பாழ்பட்டு நின்ற ராஜகோபுரம் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் காண 1990 ஆக வேண்டியிருந்தது. கோபுரத்துக்கே பேணும் ஆள் தேவையென்றால் ஸ்டாண்டுக்குத் தேவையில்லையா?

5. முடிபு

கடைக்காரர்களுக்கு இவ்வாய்வு பரிந்துரைப்பவை: குழியிலிருக்கும் மிட்டாயை வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பில் முடிந்ததும் ஸ்கேனரை ஸ்டாண்டில் வையுங்கள்; விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். இவ்வளவும் முடியாது என்போர் வயர் உள்ள ஸ்கேனரையே வாங்கலாம். விலையும் குறைவு, சார்ஜும் தேவையில்லை.