இடைவேளையிலேயே தெரிந்துவிட்டவர்

கொலைகாரன் யார் என்பது கடைசிப் பத்து நிமிடத்தில்தான் தெரிய வேண்டும் என்று ஒருவர் இரண்டு வருடம் உட்கார்ந்து கதை எழுதுகிறார். நகையை அடகு வைத்து, நண்பர்களிடம் கைமாற்று வாங்கி, எப்படியோ படத்தை முடிக்கிறார். வெள்ளிக்கிழமை வெளியாகிறது. சனிக்கிழமை மாலைக் காட்சி இடைவேளையில், கேண்டீன் வரிசையில் நின்றபடி, முட்டை பப்ஸை ஒரு கடி கடித்துவிட்டு, "யாரு கொன்னான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்கிறார் நம்மவர். யாரும் கேட்கவில்லை. முன்னால் நிற்பவர் கேட்டதெல்லாம் இரண்டு காபி.

தமிழ்நாட்டில் எந்தத் தியேட்டருக்குப் போனாலும் இவருக்கு ஒரு சீட் உண்டு. பெரும்பாலும் உங்களுக்குப் பின் சீட். பெரிய ஹீரோ படங்களில் இவருக்கு நாட்டம் இல்லை. ஹீரோ ஜெயிப்பார், அதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? இவர் தேடிப் போவது சின்ன பட்ஜெட்டில் எடுத்த காதல் சஸ்பென்ஸ் த்ரில்லர். ஒரு காதல் ஜோடி, ஊருக்கு வெளியே ஒரு பங்களா, விடாத மழை, அடிக்கடி போகிற கரண்ட். போஸ்டரில் இவ்வளவும் தெரிந்தால் போதும், டிக்கெட் எடுத்துவிடுவார்.

இவருடைய துப்பறியும் வேலை பெயர்கள் ஓடும்போதே தொடங்கிவிடும். மற்றவர்கள் செல்போனை அணைத்துக்கொண்டிருக்க, இவர் நடிகர்களை எண்ணுவார். இந்த மாதிரிப் படத்தில் மொத்தமே ஏழெட்டு முகங்கள்தான். ஹீரோ, ஹீரோயினைக் கழித்துவிடலாம். ஹீரோவின் நண்பன் காமெடி செய்கிறான், அவனுக்குக் கொலை செய்ய நேரம் இருக்காது. இன்ஸ்பெக்டர் இடைவேளைக்குப் பிறகுதான் வருவார். மிச்சம் பங்களா வாட்ச்மேன், ஹீரோயினின் பழைய காதலன், எதிர்வீட்டு டாக்டர். வாட்ச்மேன் மண்வெட்டியோடு முறைத்துக்கொண்டே திரிகிறானா? அப்படியானால் அவன் பாவம், தோட்ட வேலைதான் செய்கிறான். பழைய காதலன் அரை மணி நேரத்தில் செத்துவிடுவான், அவனை அழைத்து வந்ததே அதற்குத்தான். ஆக, டாக்டர். அதிலும் ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரு நல்ல நடிகர் அந்த டாக்டராக வந்து, "தூக்கம் வரலன்னா இந்த மாத்திரை போடும்மா" என்று ஒரே ஒரு வசனம் பேசிவிட்டுப் போனால் கேட்கவே வேண்டாம். "இவருக்கு இவ்ளோ சம்பளம் குடுத்துக் கூட்டிட்டு வந்து மாத்திரை எழுதவா விடுவான்?" என்பார், பக்கத்து சீட்டுக்கும் அதற்கடுத்த நான்கு சீட்டுக்கும் கேட்கும்படியாக.

கேலி ஒருபுறம் இருக்கட்டும், இந்தக் கணக்கில் தப்பில்லை. சந்தேகம் என்பது காசு பிடிக்கிற சமாச்சாரம். பத்துப் பேர் மேல் சந்தேகம் வர வேண்டுமானால் பத்துப் பேருக்குச் சம்பளம், சாப்பாடு, லாட்ஜ் ரூம், போகவர வண்டி. தயாரிப்பாளரின் கை சுருங்கச் சுருங்க, கொலைகாரன் ஒளிந்துகொள்ளும் இடமும் சுருங்கிவிடுகிறது. பணக்காரப் படத்தில் அவன் கல்யாண மண்டபக் கூட்டத்தில் ஒளியலாம். ஏழைப் படத்தில் சோபாவுக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும், முழங்கால் வெளியே தெரியும்.

இதற்கு மாற்று வழி கண்டவர்களும் இருக்கிறார்கள். 2012-ல் வந்த 'பீட்சா'வை எடுத்துக்கொள்ளுங்கள். புதுமுக இயக்குநர் கார்த்திக் சுப்பராஜ், அப்போது அவ்வளவாக அறியப்படாத விஜய் சேதுபதி, பட்ஜெட் சுமார் ஒன்றரைக் கோடி என்று பேச்சு. அந்த ஒன்றரைக் கோடிக்கு ஏழெட்டுச் சந்தேக முகங்களை வாங்கி வைக்காமல், ஒரே ஆளை ஒரு பங்களாவுக்குள் தள்ளி, கையில் ஒரு டார்ச் லைட்டைக் கொடுத்துவிட்டார்கள். நம்மவர் எண்ண ஆள் கிடைக்காமல் தவித்துப்போனார். இன்றைக்கும் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டால், "அது பேய்ப் படம்னு சொல்லி உள்ள கூப்பிட்டாங்க சார், அது கணக்குல வராது" என்பார்.

சரி, படம் ஓடுகிறது. நம்மவரும் ஓடுகிறார்.

பத்தாவது நிமிடம்: "வாட்ச்மேன்." காரணம், அவன் கேட்டைத் திறந்த விதம் சரியில்லை. இருபதாவது நிமிடம்: "வாட்ச்மேன் இல்ல, அந்தப் பழைய லவ்வர்." முப்பதாவது நிமிடத்தில் அந்தப் பழைய லவ்வர் கிணற்றில் மிதக்கிறான். தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, நம்மவர் அசரவில்லை. "செத்த மாதிரி நடிக்கிறான்." அடுத்த காட்சி பிரேதப் பரிசோதனை. "டம்மி பாடி." அடுத்த காட்சி தகனம். இதற்கு மட்டும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப டாக்டர்தான். நான் முதல்லயே சொன்னேன்ல."

"அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்கண்ணே" என்று முன் வரிசையிலிருந்து ஒரு பையன் திரும்பினான்.

"தம்பி, நான் உனக்கா சொல்றேன்? வீட்டுக்காரிகிட்ட சொல்றேன்."

வீட்டுக்காரி அங்கே இருந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவர் பார்வை திரையில் இருந்த நாய் மேல்.

சிகரெட் விஷயத்தில் மட்டும் நம்மவரின் கணிப்பு இதுவரை பொய்த்ததே கிடையாது. திரையின் கீழ்மூலையில் புகைப்பழக்கம் கேடு என்ற எச்சரிக்கை எழுத்து மினுக்கென்று தோன்றியதுமே, "இப்ப ஒருத்தன் சிகரெட் பத்தவைப்பான் பாருங்க" என்பார். பத்தவைப்பான். கைதட்டலை எதிர்பார்ப்பதுபோல் சுற்றுமுற்றும் பார்ப்பார். இப்படிச் சட்டமே துப்புக் கொடுக்கும்போது ஓர் இயக்குநர் என்னதான் செய்ய முடியும்?

பாடல் வந்தால் எழுந்துவிடுவார். காதலும் சஸ்பென்சும் ஒரே டிக்கெட்டில் கிடைப்பதுதான் இவ்வகைப் படத்தின் வியாபாரம் என்றாலும், காதல் பகுதியை இவர் கொலைக்கு இடையூறாகவே பார்க்கிறார். ஜோடி மலைச்சரிவில் மெதுவாக ஓடிவரும் நான்கரை நிமிடத்தில் போய், பாத்ரூம் வரிசையில் நின்று, அங்கே இருப்பவர்களிடமும் டாக்டர் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

1960-ல் 'சைக்கோ' வந்தபோது, படம் தொடங்கிய பிறகு ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார் ஹிட்ச்காக். அதுவும் சிக்கனமாக எடுத்த படம்தான்: கறுப்பு வெள்ளை, அவருடைய தொலைக்காட்சித் தொடருக்கு வேலை செய்த ஆட்கள், செலவு சுமார் 8 லட்சம் டாலர். தாமதமாக வருகிறவனால் சஸ்பென்ஸ் கெடும் என்பது அந்த மேதையின் கணக்கு. சரியான நேரத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறவனைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை.

கடைசியில் கொலைகாரன் டாக்டரேதான். தியேட்டரில் "ஓ" என்று ஒரு சத்தம். நம்மவர் மட்டும் சீட்டில் சாய்ந்து, ரயில் சரியான நேரத்துக்கு வந்துவிட்டதைப் பார்க்கும் ஸ்டேஷன் மாஸ்டர்போல் தலையாட்டினார். அவர் படம் முழுக்கச் சந்தேகப்பட்டவர்கள் ஆறு பேர். படத்தில் சந்தேகப்பட இருந்தவர்களும் ஆறே பேர். ஐந்து பேரை அவர் மறந்துவிட்டார். அந்த மறதி மட்டும் இல்லையென்றால் உலகத்தில் முக்கால்வாசி ஜோசியர்கள் கடையை மூட வேண்டியதுதான்.

படம் எப்படி என்பதை அறிய வண்டி ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். டோக்கனைக் கொடுத்து, நெரிசலில் பைக்கைப் பின்பக்கமாக இழுக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் தமிழன் பொய் பேசமாட்டான். காலேஜ் பையன் ஒருவன், "பி.ஜி.எம். வேற லெவல் மச்சி, கதைதான் லெவல்லயே இல்ல" என்கிறான். அவன் நண்பன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, இதை ஏதோ கொரியன் படத்தில் பார்த்துவிட்டதாகச் சொல்கிறான். எந்தப் படம் என்றால் பெயர் ஞாபகம் வரவில்லை. ஆனால் கொரியன்தான், அதில் சந்தேகமே இல்லை. லாஜிக் பார்க்கிறவர் ஒருவர் சீட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்: "பங்களால சிக்னலே இல்லன்னு ரெண்டு வாட்டி சொன்னானுங்க. அப்புறம் லொக்கேஷன் எப்படி அனுப்பினா அந்தப் பொண்ணு?" யாரிடமும் பதில் இல்லை. இரண்டு பெண்கள் ஸ்கூட்டியில், லவ் போர்ஷன் நன்றாக இருந்தது, கொலையை நடுவில் கொண்டுவந்து கெடுத்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டு போகிறார்கள். அவர்களைக் கடந்து போகும் பெரியவருக்கோ, கொலை நன்றாக இருந்தது, லவ்வை வைத்துக் கெடுத்துவிட்டார்கள். எல்லாருக்கும் நடுவில் "ஒரு தடவ பாக்கலாம்" என்று ஒருவர். ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே வந்தவர் சொல்லும் இந்தத் தீர்ப்பை எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்ய முடியாது.

காதலா கொலையா என்ற இந்தச் சண்டை நேற்று வந்ததல்ல. 1954-ல் எஸ். பாலசந்தர் ஏ.வி.எம்.முக்காக 'அந்த நாள்' எடுத்தார். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. படம் தொடங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார், மீதிப் படம் சுட்டது யார் என்பது. சிவாஜியைப் பார்க்கக் காசு கொடுத்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்? பலருக்கும் பிடிக்கவில்லை, வசூல் சுகப்படவில்லை. பின்னால் தேசிய விருதுச் சான்றிதழ் வந்தது, காலம் போகப்போக அது பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. பத்து வருடம் கழித்து 'புதிய பறவை' வந்தபோது பாட்டும் இருந்தது, காதலும் இருந்தது, கப்பலும் இருந்தது, ஜனங்கள் கொண்டாடினார்கள். அதன் முடிவை நான் இங்கே சொல்லமாட்டேன். சொன்னால் நானும் நம்மவர் கட்சியில் சேர்ந்தவனாவேன். பார்க்காத நாலு பேர் இன்னும் இருக்கலாம்.

நம்மவர் இவ்வளவுக்கும் ஸ்டாண்டில் நிற்கவில்லை. அவர் மைக்கைத் தேடிப் போய்விட்டார். 2024 நவம்பரில், முதல் நாள் முதல் காட்சி முடிந்ததும் ரசிகர்களிடம் கருத்துக் கேட்கும் யூடியூப்காரர்களை வளாகத்துக்குள் விட வேண்டாம் என்று தயாரிப்பாளர் சங்கம் தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. ஆகையால் மைக் இப்போது ரோட்டுக்கு எதிர்ப்புறம் டீக்கடைப் பக்கம் நிற்கிறது. நம்மவர் பஸ்ஸைக் கையால் நிறுத்தி ரோட்டைக் கடந்தார்.

"சார், படம் எப்படி இருக்கு?"

"சுமார். நான் இன்டர்வெல்லயே கண்டுபிடிச்சிட்டேன்."

"சார், ட்விஸ்ட்டச் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

"சேச்சே, அந்தப் பாவத்த நான் பண்ணுவனா? ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன் தம்பி." கேமராவை நேராகப் பார்த்தார். "ஸ்டெதாஸ்கோப் போட்டவங்க யாரையும் நம்பாதீங்க."

இவரைத் திட்டித் தீர்க்கலாம்தான். ஆனால் ஒன்று. "நல்ல முயற்சி, இந்த மாதிரிப் படங்களை ஆதரிக்கணும்" என்று பேசுகிற அத்தனை பேரும் ஓ.டி.டி.யில் வரட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். முக்கால்வாசி காலியாகக் கிடந்த அந்த ஹாலில் காசு கொடுத்து இரண்டு டிக்கெட் வாங்கி, பார்க்கிங் கொடுத்து, பப்ஸும் தின்றவர் இவர். இவர் தப்பாகச் சந்தேகப்பட்ட அந்த ஐந்து பேருக்காகத்தான் இயக்குநர் இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதினார். கிணற்றில் கிடந்தவனை "நடிக்கிறான்" என்று இவர் சொன்னாரே, அந்த நிமிடம் இயக்குநர் பக்கத்து சீட்டில் இருந்திருந்தால் கண் கலங்கியிருப்பார்.

வண்டி வீட்டுப் பக்கம் திரும்பியதும், பின்னாலிருந்து வீட்டுக்காரி கேட்டார்.

"ஏங்க, அந்த நாய் என்னாச்சு?"

"எந்த நாய்?"

"வாட்ச்மேன் வச்சிருந்தாரே, செவலை நாய். இன்டர்வெல்லுக்கு அப்புறம் காணோம். அதுக்கு யார் சோறு வச்சிருப்பா?"

நம்மவர் யோசித்தார். ஆறு பேர் மேல் சந்தேகப்பட்டவருக்கு ஏழாவதாக ஒரு ஜீவன் இருந்ததே தெரியவில்லை. படத்தில் நாய் நடிக்க வேண்டுமானால் விலங்கு நல வாரியத்தில் அனுமதி வாங்க வேண்டும், நாய்க்காரருக்கு நாள் வாடகை கொடுக்க வேண்டும். ஒரு நாள் வாடகைக்குத்தான் தயாரிப்பாளரிடம் காசு இருந்திருக்கும். இதெல்லாம் இவருக்குத் தோன்றவில்லை.

"அது... டாக்டர் வீட்டுக்குப் போயிருக்கும்" என்றார். குரலில் வழக்கமான உறுதி இல்லை.

சிக்னலில் நின்றபோது எதிர்ச்சுவரில் அடுத்த வெள்ளிக்கிழமைப் படத்தின் போஸ்டர். மழை, பங்களா, ஒரு ஜோடி, ஜன்னலில் ஒரு நிழல். நம்மவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுல அந்த மாமனார்தான்" என்றார். "டிரைலர்லயே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுபோச்சுல்ல, அப்ப நாம போக வேணாம்."

"நல்லா இருக்கே! நான் சொன்னபடி எடுத்திருக்கானான்னு பாக்க வேணாமா?"