மருமவனே, அந்தக் கயித்த அவுக்காதே

ஏ மருமவனே, போட்டோவுல கார் ஜம்முனுதான் நிக்குது. ரெண்டே கதவு, 12 சிலிண்டர், ஒண்ணுக்கு ரெண்டு வீதம் 24 பிளக். நான் ஓட்டுன டீசல் லாரியில பிளக்கே கெடையாது. அந்த வகையில நான் குடுத்து வெச்சவன்.

மெர்சிடிஸ் சி.எல். 600-ன்னாலே பெரிய மனுசன் வண்டி. கம்பெனி விட்டது 5.5 லிட்டர், 517 குதிரை. போட்ரோப்னு ஒரு பழைய நெலக்கரி ஊரு, அங்க இருக்க பிராபஸ்னு ஒரு கம்பெனிக்காரன் அத 6.3 லிட்டராக்கி 730 குதிரைக்கு ஏத்திட்டான். ஜெர்மனியிலயே தேடித்தான் பிடிக்கணும். அது உனக்குப் பத்தலியாக்கும்! நம்ம குடும்பத்துல எவனுக்கு எது பத்திருக்கு?

அந்த எஞ்சின் 1,320 நியூட்டன் மீட்டர் முறுக்கும். ஆனா பின்னாடி விடுறது 1,100 தான். மிச்சத்த சாப்ட்வேர்ல கட்டிப் போட்டது வேற எவனும் இல்ல, அதே பிராபஸ்காரன். வளத்தவனே காளைக்கு மூக்கணாங்கயிறு போட்டிருக்கான், நீ லேப்டாப்ப எடுத்துட்டு அவுக்கப் போறே. ரொம்ப சந்தோசம். கியர் பாக்ஸ்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?

2003-லயே மெர்சிடிஸ்ல ஏழு கியர் வந்தாச்சு. ஆனா உன் வண்டியில பழைய அஞ்சு கியர்தான். கஞ்சத்தனம்னு நெனைக்காதே. அந்த ஏழு கியர் தாங்குனது 735 வரைக்குந்தான். அஞ்சு கியர் தடியன். ஆனா தடியனுக்கும் இடுப்பு புடிக்கும். உள்ள கிளட்ச் பிளேட்டு வழுக்கி வெந்துச்சுன்னா, ஆயில வெரல்ல தொட்டு மோந்தாலே தீஞ்ச வாடை வரும்.

எங்கிட்டுத் தொடுறது? குழாய் இருக்கும், மூடியும் இருக்கும், தொறந்தா உள்ள கேஜ் கம்பி இருக்காது! அது ஒர்க்‌ஷாப்காரன்ட்டதான். அப்புறம் கியர் பாக்ஸுக்குள்ள ஒயர் போற எடத்துல ஒரு ரப்பர் ரிங். அது கசிஞ்சா, ஆயில் ஒயருக்குள்ளயே ஊர்ந்து கம்ப்யூட்டர் வரைக்கும் ஏறிரும். கியர் தாறுமாறா விழும், நீ பாக்ஸே போச்சுன்னு தலையில கைய வெப்பே. மொதல்ல அத மாத்து, ஆயில மாத்து. பெருமையாப் பேச முடியாத வேலைதான், தெரியும்.

அப்புறம் பின்னாலயிருந்து முன்னால வா. கம்பெனி டிபரன்ஷியல்ல ஒரு வீல் வழுக்கினா, பவரு அந்த வழுக்குற வீலுக்கே ஓடும். பெறகு பிரேக்கப் புடிச்சு அடக்கும். காசு போடுறதுன்னா அங்க லிமிடெட் ஸ்லிப்புக்குப் போடு. ஆக்சில் ஷாப்டப் பாரு. புரொபெல்லர் ஷாப்ட் ரப்பர் கப்ளிங்ல டார்ச் அடிச்சுப் பாரு, வெடிப்பு ஓடியிருக்கும். பெறகு டார்க் கன்வெர்ட்டர், கிளட்ச் பிளேட்டு, பெரிய ஆயில் கூலர். கடைசியாத்தான் லேப்டாப்பு. அதுக்குள்ள கையில காசும் தீந்துரும், கயித்த அவுக்குற ஆசையும் தீந்துரும். மாமன் கணக்கே அதுதான்.

செய்யுற மாத்தத்த எல்லாம் வண்டிய சோதிக்குற டியூவ்காரன்ட்டக் காட்டி வண்டிப் பேப்பர்ல ஏத்திரு. இல்லேன்னா ஒரு உரசல் வந்தாலும் இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சாலும் விரிப்பான்.

கழட்டுன சாமான் ஒண்ணையும் பழைய இரும்புக்குப் போடாதே. இந்த மாதிரி வண்டிய வாங்க வாரவன் ஒரிஜினல் எங்கன்னுதான் மொதல்ல கேப்பான். எப்ப விக்கப் போறேன்னு கேக்குதியா? உன் வீட்டுக்காரி அந்தக் கியர் பாக்ஸ் பில்லப் பாக்குற அன்னைக்கு.