பந்தியில் எத்தனை இலை?

1918 ஏப்ரல் 27, பெரம்பூர். பஜனை சபையில் ஊறிய செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும், அடையாறு தியாசபிகல் சொசைட்டியிலிருந்து பி.பி.வாடியா என்ற பார்சிக்காரரைத் தலைவராகப் பிடித்துவந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். கோவிந்த நாமம் சொன்ன வாய் கூலி உயர்வு கேட்டால் துரைக்கு எப்படி இருக்கும்? துரையின் பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் (பி அண்ட் சி) மில் கோர்ட்டுக்குப் போனது. வாடியா கோஷ்டியின் தலையில் 7,000 பவுண்டு நஷ்டஈடு விழுந்தது.

சங்கம் வைத்தால் வழக்கு வரும் என்ற பயத்தைத் தெளிவித்தது 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம். அப்போது ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் சங்கம் ரெடி. தலைவர், செயலாளர், பொருளாளர், மூவருக்கும் ஒரு துணை என்று பங்கிட்டால் ஆறு பதவி. கோஷம் போட மிச்சம் ஒரே ஒருத்தர்.

அப்புறம்தான் வேடிக்கை. யாரிடம் எத்தனை பேர்? கல்யாண வீட்டு இலைக் கணக்கேதான். சமையல்காரர் ஐந்நூறு என்பார், பெண்ணைப் பெற்றவர் முந்நூற்றைம்பது என்பார். ஒரே ஆசாமி இரண்டு பந்தியில் உட்கார்ந்திருப்பார். ஒரே தொழிலாளி இரண்டு சங்கத்தில் சந்தா கட்டியதும் உண்டு. குறைந்தபட்ச மாதச் சந்தா வெகுகாலம் 25 காசுதான். இரண்டு ரசீது வைத்துக்கொள்வது ஒன்றும் ஊதாரித்தனமில்லை.

சரி, மாநில வாரியாகப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தால் தலை சுற்றும். சங்கங்கள் ஆண்டுதோறும் மாநிலப் பதிவாளருக்குக் கணக்கு அனுப்பவேண்டும். அங்கிருந்து அது மத்திய அரசின் லேபர் பீரோவுக்குப் போகும். பல சங்கங்கள் அனுப்புவதில்லை. சில மாநிலங்களும் அப்படியே. ஆகவே அட்டவணையில் ஒரு மாநிலம் திடீரென்று எகிறினால் தொழிலாளி விழித்துக்கொண்டார் என்று பூரிக்காதீர்கள். குமாஸ்தா விழித்திருக்கலாம்.

நாடு முழுக்கக் கிளை வைத்த மத்தியச் சங்கங்களின் கதை இன்னும் ருசி. தில்லி சரிபார்த்த 1989 கணக்கில் பாரதிய மஸ்தூர் சங்கம் (பிஎம்எஸ்) 31 லட்சம், இந்திய தேசியத் தொழிற்சங்க காங்கிரஸ் (ஐஎன்டியுசி) 27 லட்சம். அடுத்து 2002-ஆம் ஆண்டுத் தலைகளை எண்ணி முடிக்க 2008 ஆகிவிட்டது: பிஎம்எஸ் 62 லட்சம், ஐஎன்டியுசி 39.5 லட்சம். இரண்டாம் இடத்திலேயே உட்கார யாருக்குத்தான் மனசு வரும்? 2013-இல் ஐஎன்டியுசி தனக்குச் சொல்லிக்கொண்ட எண்ணிக்கை 3.33 கோடி. 11 வருஷத்தில் எட்டு மடங்கு. முருங்கைகூட இப்படிக் காய்ப்பதில்லை.

இலையை எண்ணிப் பார்த்து அரசு வெளியிட்ட கடைசிக் கணக்கு இன்றும் அந்த 2002-தான்.